தாத்தா பெயரில் நிற்கும் கார்

கீழ்பென்னாத்தூருக்கு ரயில் கிடையாது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் போகிற சாலையை நம்பியே ஊர் வளர்ந்தது. நெல்லும் கடலையும் கரும்பும் விளைகிற இந்த வட்டாரத்தில் கார் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், அந்த வீட்டுக் கார் ஊருக்கே பொதுவாக ஓடியது. நடுராத்திரிப் பிரசவம், பெண் அழைப்பு, பத்திரப் பதிவு, திருவண்ணாமலைத் தீபத்துக்கு வந்த உறவினரை மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடுவது என்று அதற்கு ஓய்வே இருந்ததில்லை. பெரும்பாலும் அது அம்பாசிடர். சில வீடுகளில் ஃபியட், வசதிப்பட்டவர்களிடம் ஜீப்பும். அப்படி உழைத்த வண்டிகளில் காயலான் கடைக்குப் போகாமல் தப்பியவை இன்றும் ஆங்காங்கே தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. அப்பாக்களுக்கு அவை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சுமை. பேரப்பிள்ளைகளுக்கோ அவற்றின்மேல் ஒரு கண். துடைத்து, ஸ்டார்ட் செய்து, ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இந்த ஆசைக்கு நம் சட்டத்தில் இடம் உண்டு. அந்த இடத்தில் அவர்கள் வீட்டுக் காருக்கு மட்டும் அனுமதி இல்லை.

மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 'வின்டேஜ்' வாகனம் என்று ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த காரும் இருசக்கர வாகனமும் இதில் வரும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவான பின் அதை அன்றாடத் தேவைக்கோ தொழிலுக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, பழைய கார் அணிவகுப்புக்கு, தொழில்நுட்ப ஆய்வுக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும் சாலைக்கு வரலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், அது பத்தாண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த விதியில் எனக்குப் பிடித்த வரி. திருவண்ணாமலை மாவட்டம் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்ததே 1989இல்தான். டிஎன் 25 அதற்கும் பிறகு வந்தது. 50 வயதுக் காரின் நம்பர் பலகை இந்த மாவட்டத்தைவிட மூத்தது. அதைக் கழற்றச் சொல்லாமல் விட்டார்களே, அந்தமட்டில் சந்தோஷம். மற்றபடி, இந்த விதி நாலைந்து கார்களைக் கொட்டகை போட்டுப் பாதுகாக்கும் சேகரிப்பாளரை மனதில் வைத்து எழுதப்பட்டது. கிராமத்து வீட்டின் கார் முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகிறது. மூன்று தலைமுறை கைமாறி ஓடிய வண்டி மாறாமல் இருக்க முடியாது. அதில் நடந்த மாற்றங்கள்தாம், ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கைவிடாமல் வைத்திருந்ததற்குச் சாட்சி. பழைய காரை மரபுச் சொத்தாகக் கருதுகிறோம் என்றால், அந்த மாற்றங்களையும் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளையும் விட்டுவிட்டுக் கருத முடியாது என்பதே என் வாதம்.

என்ன மாற்றம் என்று பார்ப்போம். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை வெளிவந்த அம்பாசிடர், ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வாரிசு. 1960களில் நம் ஊர்களுக்கு வந்த வண்டிகளில் இருந்தது 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது இங்கே பெட்ரோல் விலையும் எகிறியது. டீசல் மலிவாகவே நின்றது. வாடகைக்கு ஓட்டியவருக்கும், கரும்பு வெட்டுக் கூலி போகக் கையில் மிஞ்சியதில் பெட்ரோல் போட வேண்டிய விவசாயிக்கும் அப்போது இருந்தவை இரண்டே வழிகள்: காரை நிறுத்துவது, அல்லது இன்ஜினை மாற்றுவது. தமிழ்நாடு முழுக்கப் பட்டறைகள் இரண்டாவதைச் செய்தன. டீசல் இன்ஜினை இறக்கி, தாங்கு சட்டத்தை வெட்டி ஒட்டி, கியர் பாக்ஸோடு பொருந்த லேத்தில் துண்டு கடைந்து பூட்டினார்கள். மேட்டடார் வேன் இன்ஜின் பூட்டிய அம்பாசிடர்கள்கூட ஓடின. முறைப்படி செய்தவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டார்கள், ஏற்றாதவர்களும் ஏராளம். இன்றைய விதியின் கண்ணில் இந்தக் கார் அசல் கெட்டது. தாத்தா அன்று இன்ஜினை மாற்றியிருக்காவிட்டால் பேரன் கண்ணில் பட இன்று கார் என்று ஒன்று இருந்திருக்காது என்ற எளிய உண்மைக்கு அந்த விதியில் கட்டம் எதுவும் இல்லை. வாங்கி இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, யாரும் தொடாமல் ஐம்பது வருடம் பூட்டி வைத்த காருக்குத்தான் முழு மதிப்பெண்.

இது கிராமத்தான் சொல்லும் சமாதானம் என்று தள்ளிவிட முடியாது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 1966இல் தொடங்கியது. பழைய கார் விஷயத்தில் அசல்தன்மை குறித்து இவர்களைவிடக் கறாரானவர்கள் யாரும் இல்லை. அவர்கள் 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், ஒரு வாகனம் வழக்கமாக ஓடிய காலத்தில் அதில் செய்யப்பட்ட மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி என்றும், ஆகவே அதைத் தயாரித்த நாளில் இருந்த தோற்றத்துக்குத் திருப்ப வேண்டிய அவசியமில்லை என்றும் சொல்கிறது. ஜெர்மனியில் 30 வயதைத் தாண்டிய காருக்கு நம்பரின் கடைசியில் 'எச்' எழுத்துப் போட்டுத் தனிப் பதிவு தருகிறார்கள். அந்தந்தக் காலத்து வழக்கப்படி செய்த மாற்றம் அங்கே தடையில்லை. தினமும் ஓட்டவும் தடையில்லை. ஆக, நம்முடைய விதி உலக வழக்கத்தைப் பார்த்து எழுதியதும் அல்ல, உள்ளூர் நிலவரத்தைப் பார்த்து எழுதியதும் அல்ல.

உள்ளூரில் பார்த்திருந்தால் இதைவிட நல்ல முன்மாதிரி கிடைத்திருக்கும். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. பெரிய தேரின் எந்தெந்த மரம் எந்தக் காலத்தது என்று பக்தர்கள் யாரும் கேட்பதில்லை. உளுத்த பலகை மாறும், சக்கரம் மாறும், சிற்பம் புதிதாகச் செதுக்கிப் பொருத்தப்படும். 2024இல் பெரிய தேரைப் பழுது பார்த்து, திருவிழாவுக்கு முன்பு வெள்ளோட்டம் விட்டார்கள். திருவாரூர் ஆழித் தேர் 1926இல் எரிந்தே போனது. 1930இல் புதிதாகச் செய்தார்கள். பிற்காலத்தில் அதற்குப் பூட்டிய இரும்புச் சக்கரமும் பிரேக்கும் திருச்சி பெல் ஆலையின் கைவேலை. அது அசல் தேர் இல்லை என்று திருவாரூரில் நின்று சொல்லிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது வடம் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்வரை அச்சுக்கு எண்ணெய் போடத் தெரிந்தவரும் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவரும் ஊரில் இருப்பார்கள். ஓடாமல் நின்ற தேர்கள் பல ஊர்களில் தகரக் கூரைக்குள் கறையான் தின்று போயின. ஓட்டமே பராமரிப்பு. கார் விஷயத்தில் இது இன்னும் கண்கூடு. ஆறு மாதம் நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகப் படியும், பிரேக் சிலிண்டரில் துரு ஏறும், பேட்டரி இறங்கும், டயர் நின்ற இடத்தில் தட்டையாகும், எலி ஒயரைக் கடித்துவைக்கும். ஓட்டாதே என்று நிபந்தனை போட்டு ஒரு காரைப் பாதுகாக்கச் சொல்வது, நீந்தத் தெரிய வேண்டும், தண்ணீரில் இறங்காதே என்பது மாதிரிதான்.

தலைமுறை விட்டுத் தலைமுறை போகிற ஆசை எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரத்தத்தில் வருகிறது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அது சேர்ந்து செய்கிற வேலையிலிருந்து வருகிறது. பழைய காரின் பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும், கை நுழையும், கீழே தரை தெரியும். 1961இலிருந்து சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் முன்பக்கம் முழுவதுமே, மட்கார்டோடு சேர்த்து, முன்னால் சாய்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்து அதன் நிறத்தை வைத்தே பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்லலாம். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் இதில் ஒரு வேலை உண்டு: டார்ச் பிடிப்பது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, பிரேக்கில் காற்று எடுக்கும்போது உள்ளே உட்கார்ந்து சொன்ன நேரத்தில் மிதிப்பது. தாத்தா திட்டிக்கொண்டே சொல்லித் தருவதற்கு ஒரு பொருள் கையில் கிடைக்கிறது. இன்றைய காரில் கோளாறு என்றால் ஸ்கேனரைச் சொருக வேண்டும். அது சொல்கிற எண்ணைப் படித்துவிட்டு முழு பாகத்தையும் மாற்ற வேண்டும். அதில் மூன்று தலைமுறை சேர்ந்து நிற்க இடமில்லை, நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. புதிய கார்கள் மோசம் என்பதல்ல. மழையில் நடுரோட்டில் நிற்காத கார் வேண்டும் என்று நினைக்காதவர் யார்? ஆனால் அந்த நம்பகத்தன்மைக்கு நாம் கொடுத்த விலைகளில் இந்தச் சேர்ந்து செய்யும் வேலையும் ஒன்று.

இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்குதானே என்ற கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் இந்த ஆசைக்குப் பெயர்பெற்ற குடும்பங்கள் வசதியானவைதான். கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகம் ஜி.டி.நாயுடுவின் மகன் ஜி.டி.கோபாலின் முயற்சி. சென்னை ஏவி.எம். வளாகத்தில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மெய்யப்பச் செட்டியாரின் பேரன் எம்.எஸ்.குகன் சேர்த்தவை. சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று சொல்லப்படும் நம்பெருமாள் செட்டியும் பெரிய கட்டட ஒப்பந்தக்காரர். ஆனால் கோவைக் கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். கலங்கல் கிராமத்து விவசாயி மகனான நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவையில் ஓர் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த காசில் அதே வண்டியை வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு நிற்காமல் அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டினார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் அவர் தொடங்கிய தொழில் அந்தப் பிரித்துப் பூட்டலில் இருந்து வந்தது. மகன் கட்டிய மாளிகையில் பளபளக்கும் கார்களைவிட, அப்பா பிரித்துப் போட்ட அந்த மோட்டார் சைக்கிள்தான் என் வாதத்துக்கு நெருக்கமானது. பணம் சேகரிப்பை உண்டாக்கும். பிரித்துப் பார்க்கிற ஆசைக்குப் பணம் தேவையில்லை. ஓர் ஓட்டை வண்டியும் சொல்லித் தர ஒரு பெரியவரும் போதும்.

இது அப்பா, மகன், பேரன் என்று ஆண் வழியிலேயே போகிற சொத்தாக இருக்கிறதே என்பது இன்னொரு குறை. உண்மைதான், நம் வீடுகளில் சாவி பெண்களின் கைக்கு வருவதில்லை. திருவண்ணாமலையில் அம்மன் தேரின் வடத்தைப் பெண்கள் மட்டுமே பிடிப்பதைக் கண்டு கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள், மகள் கையில் ஸ்பேனரைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். மோட்டார் காரின் சொந்த வரலாறு இதற்கு நேர்மாறானது. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்லிடம் சொல்லாமல், ஆய்கன், ரிச்சர்ட் என்ற இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு, கணவர் உருவாக்கிய மூன்று சக்கரக் காரில் கிளம்பினார். தூரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அதுதான். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார்கள். குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். ஒயர் உரசியபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். காரின் கதை ஒரு தாயும் மகன்களும் வழியெல்லாம் ரிப்பேர் பார்த்துக்கொண்டே போனதில்தான் தொடங்குகிறது. அப்பா அன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்ப்பு புகையும் பாதுகாப்பும் பற்றியது. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. பழைய டீசல் இன்ஜின் கக்கும் கரும்புகை நுரையீரலுக்கு நஞ்சு. அந்தக் கார்களில் சீட் பெல்ட் இல்லை, ஏர்பேக் இல்லை. ஸ்டீயரிங் தண்டு மோதலில் நெஞ்சில் குத்தும். டெல்லியில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டியையும் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டியையும் தடுக்கும் உத்தரவுகள் காற்றே இல்லாத ஊரின் அவதியில் பிறந்தவை. தினமும் ஐம்பது கிலோமீட்டர் வாடகைக்கு ஓடும் பழைய டீசல் வண்டியை மரபு என்ற பெயரில் காப்பாற்றச் சொன்னால் அது ஏமாற்று. ஆனால் மாதம் நாலு தடவை, பகலில், தாலுகா எல்லைக்குள் ஓடுகிற வீட்டுக் காரையும் அந்த வாடகை வண்டியையும் ஒரே தராசில் வைப்பதும் நியாயமில்லை. ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு போடலாம், வருடா வருடம் பிரேக்கையும் புகையையும் பார்க்கலாம். வண்டியைப் பார்த்து ஆய்வு செய்ய 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று நம் மக்கள் அழைக்கும் அதிகாரி ஏற்கெனவே இருக்கிறார். மறுபதிவு என்ற பெயரில் பணமும் குறையாமல் வாங்குகிறார்கள். 15 ஆண்டைக் கடந்த சொந்தக் காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600இலிருந்து 5,000 ரூபாயானது. 20 ஆண்டைக் கடந்தால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றினார்கள். பசுமை வரி தனி. ஐந்தாண்டுக்கு ஒரு முறை இவ்வளவு கட்டுகிறவரின் காரை ஒழுங்காகச் சோதித்துத் தகுதி உண்டு, இல்லை என்று சொல்வது பெரிய காரியமில்லை.

புகையைவிடப் பெரிய ஆபத்து இந்தக் கார்களுக்கே வந்திருக்கிறது, அது பெட்ரோல் வழியாக. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு போனது நல்லதே. ஆனால் அந்த ஈயத்தைத்தான் பழைய இன்ஜின்களின் வால்வு உட்காரும் வளையம் மெத்தைபோல நம்பியிருந்தது. அதன் பிறகு ஹெட்டை இறக்கிக் கடினமான வளையம் அடிக்க வேண்டியதாயிற்று. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பம்பின் சவ்வையும் ஊறவைத்துக் கெடுக்கும், தண்ணீரை இழுக்கும், டேங்கில் துரு சேர்க்கும். இதைத் தெரிந்து குழாயை மாற்றி, கார்புரேட்டரின் ஜெட்டைத் திருத்தி வைப்பவர் தேவை. அசல் பாகத்தையே மாட்டு என்று அடம்பிடித்தால் கார் வழியில் தீப்பிடிக்கலாம். ஆக, விதி தடுக்கிற மாற்றத்தைத்தான் பெட்ரோல் பங்க் கேட்கிறது.

அந்த மாற்றத்தைச் செய்கிறவர் குடும்பத்துக்கு வெளியே இருக்கிறார். கார் வீட்டில் மூன்று தலைமுறை கைமாறினால், மெக்கானிக் ஷெட்டிலும் மூன்று தலைமுறை கைமாறியிருக்கும். பழைய கார் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வம்சத்தைப் பற்றியே எழுதுவார்கள். இரண்டாவது வம்சத்தின் கைவேலைக்கும் நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, டி.வி.எஸ். நிறுவனம் செய்து கொடுத்த கரிவாயுக் கருவியைப் பின்னால் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டு பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. ஸ்டாண்டர்டு ஆலை 1980களின் இறுதியில் நின்றபின் அதன் கார்களுக்குப் பாகம் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளிலும் லேத் பட்டறையிலும்தான் பிறந்தது. கிடைக்காததைச் செய்துகொள்வது இங்கே ஒரு தனிக் கல்வியாகவே இருந்தது. அந்தக் கல்வி ஏட்டில் இல்லை. கார்புரேட்டர் கற்ற கடைசித் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு அறுபது வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ வேறு வேலைக்கோ போய்விட்டார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை, ஷெட்டில் வருமானம் அப்படி. அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. அதில் ஒரு பருவத்துக்கு, இப்படிப்பட்ட பெரியவர் ஒருவரைக் கூலி கொடுத்து உட்கார வைத்து, தார்ப்பாய்க் கார் ஒன்றைப் பிள்ளைகள் கையால் ஓட வைக்கச் சொல்லலாம். அருங்காட்சியகத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

கடைசியாக, குடும்பங்கள் அரசை எதிர்பார்க்காமல் தாங்களே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. நிலத்தைப் பாகம் பிரிக்கலாம், வீட்டை அறை அறையாகப் பிரிக்கலாம், காரைப் பிரிக்க முடியாது. மூன்று மகன்களில் யாருக்கு என்று முடிவாகாத காரணத்தாலேயே, விற்று மூன்றாகப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று எத்தனையோ நல்ல கார்கள் எடைக்குப் போயிருக்கின்றன. முடிவாகாத மற்ற கார்கள் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே நிற்கின்றன. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் சேர்த்துக் கொடுத்தால் வேலை முடியும். பதினைந்து வருடம் கழித்துப் போனால் ஒரு வாரிசு சிங்கப்பூரில் இருப்பார், இன்னொருவர் பேசமாட்டார், இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருக்கும், மறுபதிவுக்கான தாமதக் கட்டணம் காரின் விலையைத் தாண்டினாலும் தாண்டும். இன்ஜின் மாற்றியது ஆர்.சி.யில் ஏறாமலிருந்தால் அதையும் தாத்தா இருக்கும்போதே ஏற்றிவிடுவது நல்லது. எந்தப் பட்டறையில், எந்த வருடம், எந்த வண்டியின் இன்ஜினை எடுத்துப் பூட்டினார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பேத்தியோ பேரனோ ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியேட்டரில் தொடங்கி டிக்கி வரை கேட்டுக் கேட்டு எழுத வேண்டிய நேரம் இதுதான்.